திராவகம் தண்ணீர் ஊற்று

நான் வேலை பார்த்த ரசாயனக்கூடம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. ஒரு வியாபாரக் கம்பெனிக்குச் சொந்தமானது. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர், கொப்பரை, வெள்ளீயத் தாது எல்லாவற்றையும் சோதித்துத் தரம் சொல்வது எங்கள் தொழில். நாங்கள் மூன்று பேர்: கெமிஸ்ட் துரை, அவருக்கு உதவியாக ஒரு சீனர், அந்தச் சீனருக்கு உதவியாக நான்.

கெமிஸ்ட் துரை ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு இடது புருவம் கிடையாது. இளவயதில் ஏதோ சோதனையின்போது பொசுங்கிவிட்டதாம். மறுபடி முளைக்கத்தான் செய்தது. அவர்தான் ஞாபகம் இருக்கட்டும் என்று வாரம் தவறாமல் அதை மழித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கம்பெனி லாரிகள் பெருகின. லாரி பேட்டரிகளுக்கு ஊற்றும் திராவகத்தை நாமே கலந்துகொள்ளலாம் என்று மேலிடத்தில் முடிவானது. கந்தகத் திராவகம் பிரம்புக் கூடைக்குள் வைத்த பெரிய கண்ணாடி ஜாடிகளில் வந்து இறங்கும். அதைத் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைக்க வேண்டும். இதற்கென்று புதிதாக ஆறு ஆட்களை எடுத்தார்கள். இரண்டு தமிழர், இரண்டு மலாய்க்காரர், இரண்டு சீனர்.

திராவக வேலையில் தலையாய விதி ஒன்று உண்டு. தண்ணீரில்தான் திராவகத்தை ஊற்ற வேண்டும், அதுவும் மெல்ல மெல்ல. திராவகத்தில் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். கெமிஸ்ட் துரை இதை எங்கள் இருவருக்கும் முதல் நாளே சொல்லி, நாங்கள் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. புதியவர்களுக்கு மூன்று மொழியிலும் பலகை எழுதி மாட்டச் சொன்னார். "இங்கிலீஷில் வேண்டாமா?" என்று கேட்டேன். "இங்கிலீஷ் படிக்கிறவன் எவனும் இங்கே கையால் வேலை செய்யப் போவதில்லை" என்றார்.

அதே வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் தீவின் நடுவே குளிர்ச்சியாக இருக்கும் கொடிமலைக்குப் போய் மூன்று வாரம் இருக்கச் சொன்னார். அவர் மலை ரயில் ஏறினார். புத்தக அலமாரியின் சாவியும் அவருடைய கோட்டுப் பையில் மலை ஏறிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்களின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நாங்கள் வேலை செய்தோம்.

பலகை எழுத சூலியா தெருவில் ஒரு பாய் இருந்தார். மூன்று மொழியும் எழுதுவார், ஆனால் தமிழைத் தவிர மற்ற இரண்டும் அவருக்குச் சித்திரம்தான். கொடுத்ததைப் பார்த்து வரைவார். "திராவகத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றாதே" என்று நான் எழுதிக் கொடுத்தேன். பலகை வந்தது. பெரிய சிவப்பு எழுத்தில், "திராவகம் தண்ணீர் ஊற்று" என்று இருந்தது.

பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே சூலியா தெருவுக்குப் போனேன்.

"என்ன பாய் இது? எதுல எதை ஊத்துறதுன்னு இதுல இல்லையே?"

"பலகை இவ்வளவுதான் லா, தம்பி. நீங்க எழுதினதை எல்லாம் போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும். ‘த்தை’, ‘இல்’ எல்லாம் கழிச்சுட்டேன்."

"அந்த ‘த்தை’யிலதான் பாய் உயிரே இருக்கு."

"படிக்கிறவன் தமிழன்தானே? தெரியாதா அவனுக்கு?"

வேற்றுமை உருபு தொக்கி நின்றாலும் பொருள் விளங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தொகுத்தவரே புலவராக இருந்தால் அது சரி. வேறு பலகை கேட்டேன். மரம் வரப் பத்து நாளாகும் என்றார்.

மலாய்ப் பலகையை ஸ்டோர் பார்க்கும் பெரியவர் ஜாவி என்ற அரபு எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மலாயில் திராவகத்துக்கு ‘ஆயர் கெராஸ்’ என்பார்கள். கடுந்தண்ணீர் என்று பொருள். சாராயத்துக்கும் அதே பெயர்தான். சீனப் பலகையில் நான்கே எழுத்து. அங்கேயும் திராவகம் என்றால் ‘பலத்த தண்ணீர்’ என்றுதான் பெயராம். வலமிருந்து படித்தால் பலத்த தண்ணீர் தண்ணீருக்குள் போகும். இடமிருந்து படித்தால் தண்ணீர்தான் எதற்குள்ளோ போகும். எழுதியது என் சீன நண்பர். அவர் பழைய முறைப்படி வலமிருந்து எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பள்ளியில் படித்த இளைஞர்கள் சிலர் இடமிருந்து படிப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கெமிஸ்ட் துரை இல்லாதபோது எங்களுக்கு மேலே மேனேஜர் துரைதான். கப்பல் சரக்கு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரசாயனம் அவருக்குத் தெரியாது. அது தமக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. பலகைகளை மாட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான். எழுதியவர்களையே கேட்டால் பட்சபாதம் வரும் என்று, கீழே கணக்குப்பிள்ளையாக இருந்த ஒரு தமிழரையும், ஒரு சீன இளைஞரையும், ஒரு மலாய்ப் பியூனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, படித்து இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்.

கணக்குப்பிள்ளை, திராவகத்தில் தண்ணீர் ஊற்று என்று சொன்னார். சீன இளைஞர் இடமிருந்து படித்து, தண்ணீர் தண்ணீருக்குள் போனால் பலம் என்றார். பியூன் மரியாதையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாராயத்தைத் தண்ணீரில் கலந்து குடிப்பதைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது, தான் அந்தப் பழக்கம் இல்லாதவன் என்றார்.

மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். "ஒன்று இப்படிச் சொல்கிறது, ஒன்று அப்படிச் சொல்கிறது, மூன்றாவது குடியைப் பற்றிப் பேசுகிறது. நீ என்ன சொல்கிறாய்?"

"தண்ணீரில்தான் திராவகம், சார். கெமிஸ்ட் துரை சொன்னார்."

"அவர் சொன்னதாக நீ சொல்கிறாய்."

அதில் நியாயம் இருந்தது. வெறும் வாய்ச்சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும்? அன்று மத்தியானமே நானும் சீன நண்பரும் பின்கட்டில் ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்தி, கண்ணுக்கும் கண்ணாடி மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு, தேக்கரண்டி அளவில் சோதித்துப் பார்த்தோம். தண்ணீரில் திராவகம் சொட்டுச் சொட்டாக விழுந்தபோது சூடேறியது, அவ்வளவுதான். திராவகத்தில் தண்ணீர் விழுந்தபோது எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோல் வெடித்தது. மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அப்படியே. உஷ்ணமானி காட்டிய அளவு, ஊற்றிய அளவு, நேரம் எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு மேனேஜர் துரையின் மேஜையில் வைத்தோம்.

அவர் முழுதும் படித்தார். "கவனமாகச் செய்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார். பிறகு, "ஆனால் இது இரண்டு பேருடைய அபிப்பிராயம். பலகைகளையும் நான் மதிக்க வேண்டும் அல்லவா?" என்றார்.

மறுநாள் உத்தரவு வந்தது. எந்த இனத்தாருக்கும் மனக்குறை வராதபடி, இனிமேல் திராவகத்தையும் தண்ணீரையும் ஒரே சமயத்தில், சம அளவில், இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும்.

சீன நண்பர் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மலாயும் தமிழும் கலந்துதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

"இப்ப என்ன செய்யிறது லா?"

"ஜாடியைத் தொட விட வேண்டாம்" என்றேன். ஸ்டோர்ப் பெரியவரிடம் சொல்லி, கெமிஸ்ட் துரை வரும்வரை திராவகத்தை எடுத்துக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டோம். புதிய ஆட்கள் ஆறு பேரும் வெறும் தண்ணீரை இரண்டு கையாலும் ஊற்றிப் பழகினார்கள். நன்றாகவே கைவந்துவிட்டது.

அப்படியே மூன்று வாரமும் ஓடியிருக்கும். அதற்குள் சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டைரக்டர் வந்துவிட்டார். கம்பெனியில் பாதுகாப்பு எப்படி என்று அவர் கேட்க, மேனேஜர் துரைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மாடிக்கு அழைத்து வந்தார். அவரே கேட்டதால் ஸ்டோர்ப் பெரியவர் ஒரு ஜாடித் திராவகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னை ஊற்றிக் காட்டச் சொன்னார்.

"மன்னிக்கணும், சார். நான் செய்ய மாட்டேன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேனேஜர் துரை கோபப்படவில்லை. "பயப்படுகிறான்" என்று டைரக்டரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, "நானே செய்கிறேன்" என்றார்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் செய்ய முடிந்ததைச் செய்தோம். கண்களுக்குக் கண்ணாடியை வற்புறுத்தி மாட்டிவிட்டேன். ரப்பர் மேலாடையைக் கொடுத்தேன். மீன்காரன் உடுப்பு என்று வேண்டாம் என்றுவிட்டார். டைரக்டரைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தேன். நண்பர் நான்கு வாளித் தண்ணீரும் ஒரு பாத்திரம் நிறைய சோடா உப்பும் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக மேனேஜர் துரை இரண்டு கூஜாக்களைத் தூக்கினார். கீழே தடித்த கண்ணாடித் தொட்டி. இரண்டு தாரையும் ஒன்றாக விழுந்தன. முதலில் ஆவி எழுந்தது. அதன்பின் ஒரு சீறல். பிறகு தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம். தொட்டி அடியோடு பிளந்தது. உள்ளே இருந்தது மேஜை வழியாகத் தரையில் இறங்கி, பலகை இடுக்கில் புகுந்து மறைந்துவிட்டது.

அவர் கால்சட்டையில் சிறு சிறு துளிகள். நண்பர் இரண்டு வாளித் தண்ணீரை அவர் இடுப்பிலிருந்து கீழே கவிழ்த்தார். நான் மூன்றாவதை ஊற்றினேன். அவருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. கால்சட்டை மட்டும் மறுநாள் சலவைக்காரர் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குள் கீழேயிருந்து கூச்சல். கிட்டங்கியில் எங்களுக்கு நேர் அடியில் ஜாவாச் சீனி அடுக்கியிருந்தது. நான் சோடா உப்போடு ஓடினேன். மேல் மூட்டையின் சாக்கு ஓட்டையாகி, உள்ளே சீனி கறுத்து, புகைந்து, புற்றுபோல் பொங்கி மேலே எழுந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அண்ணே, தொடாதீங்க. இது சாமி இல்லை, திராவகம்."

"இவ்வளவு வளருதே, தம்பி?"

"சீனியில இருக்கற தண்ணியை அது உறிஞ்சிடும். மிச்சம் கரிதான்."

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். சோடா உப்பைத் தூவியதும் அது நுரைத்தது. அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

கெமிஸ்ட் துரை நான்காம் நாள் மலையிலிருந்து இறங்கி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பின்கட்டுச் சோதனைக் குறிப்பைக் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்தார். அலமாரிப் பூட்டைத் திறந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். ஆறு பேரையும் நிற்கவைத்து, ஒவ்வொருவரும் தன் கையால் செய்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தன் மொழியில் சொல்லி, அவன் செய்து காட்டிய பிறகே ஜாடியைத் தொடவிட்டார். பலகைகளை அடுப்பெரிக்க அனுப்பினார். அதற்கப்புறம் நான் இருந்தவரை அந்த மாடியில் ஒருவர்கூடத் திராவகத்தால் சுடுபடவில்லை.

ஆனால் சீனி விவகாரம் முடியவில்லை. நடந்ததற்குச் சீனியின் குறையே காரணம் என்று மேனேஜர் துரை மேலிடத்துக்கு எழுதியிருந்தார். நல்ல சீனி கறுக்காது என்பது அவர் கட்சி. ஆகவே அதைச் சோதித்து அறிக்கை தரும்படி கடிதம் வந்தது. எங்களுக்கேதான்.

கெமிஸ்ட் துரை அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். திராவகம் படாத மூட்டைகளிலிருந்து எடுத்துச் சோதித்தேன். ஒரு முறை செய்தது போதாது என்று மூன்று முறை செய்யச் சொன்னார். சீனி சுத்தமானது. தண்ணீரில் கரைத்து வடிகட்டியபோது காகிதத்தில் மணல் கொஞ்சம் தங்கியது. எந்தச் சீனி மூட்டையிலும் அவ்வளவு இருக்கும். அதையும் எழுதினேன். கண்டதை எழுத வேண்டும் அல்லவா? கடைசி வரியில், கறுத்ததற்குக் காரணம் கந்தகத் திராவகமே, அது எங்கள் மாடியிலிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கெமிஸ்ட் துரை என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். என் பெயருக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் காகிதத்தை அனுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் துரை மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"அதில் ஒன்றுமே இல்லையா?"

"கொஞ்சம் மணல் இருந்தது, சார். எல்லாச் சீனியிலும் இருக்கும்."

"மணல்" என்றார். முகம் மலர்ந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் மேலிடத்துக்கு அனுப்பிய சுருக்கத்தில் இரண்டே வரி. ரசாயனக்கூடம் மூன்று முறை சோதித்தது. சீனியில் மணல் காணப்பட்டது. இரண்டும் உண்மைதான். நான் எழுதியதிலிருந்து எடுத்ததுதான். கெமிஸ்ட் துரை முழு அறிக்கையின் நகலையும் தனியாக அனுப்பினார். அதைப் பார்த்தார்களா என்று தெரியாது. அன்றிலிருந்து நான் எந்த அறிக்கை எழுதினாலும் முடிவை முதல் வரியில் வைப்பேன், மற்றதெல்லாம் அப்புறம்.

சிங்கப்பூரிலிருந்து உத்தரவு வந்தது. பினாங்குக் கிட்டங்கியில் இறங்கும் சீனி முழுவதையும் அடுக்குவதற்கு முன் மணல் போகச் சலிக்க வேண்டும். ஆளுயரச் சல்லடை ஒன்று வந்து சேர்ந்தது. மூட்டையைப் பிரித்து, சலித்து, மறுபடி கட்டினார்கள். சீனியைவிட மணல் பொடி. அதனால் இரண்டும் சல்லடையில் ஒன்றாகவே இறங்கின. மேலே தங்கியது சாக்கு நூல் மட்டும்தான். நான் வேலையை விட்டு வரும்போதும் சலித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.