பச்சை அட்டை

பேய் என்றால் அமாவாசை, நள்ளிரவு, மல்லிகைப்பூ வாசம் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில், அலுவலக நேரத்தில் நடந்தது. நடந்ததுதான் என்று இரண்டு பெண்கள் சத்தியம் செய்கிறார்கள். அதில் ஒருத்தி பைபிள்மேல் கை வைத்து.

அங்கே ஸ்டோர் கீப்பர் பாக்கியசீலன். பஞ்சு முதல் ஆக்சிஜன் வரை வருவதும் போவதும் அவர் கை வழியாகத்தான். அவருக்கு மேலே ஜெபஸ்டின், 'விநியோகத் துறைத் தலைவர்'. அப்படித்தான் பித்தளைப் பலகை சொன்னது. முதலில் பலகை வந்தது, ஒரு வாரம் கழித்து மேஜை வந்தது, வேலை இன்னும் வந்தபாடில்லை. வந்த மாதமே அவர் சுடலைக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பினார்.

சுடலைக்கண்ணு சிலிண்டர் அறைக்காரர். ஒவ்வொரு சிலிண்டரையும் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவார். நிறைந்தது 'டொக்' என்னும். காலியானது 'டங்ங்' என்று கோயில் மணி மாதிரி இழுக்கும். டொக் கேட்டால்தான் சிலிண்டரின் கழுத்தில் பச்சை அட்டை ஏறும்.

"இது ஆஸ்பத்திரியா, கொல்லம்பட்டறையா வே?" என்றார் ஜெபஸ்டின், பாக்கியசீலனிடம். "இனிமே எது ஃபுல், எது காலின்னு கம்ப்யூட்டர் சொல்லும். நீரு கையெழுத்துப் போட்டு அட்டைய மட்டும் மாட்டும்."

பாக்கியசீலன் மாட்டினார். தட்டிப் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்கிற மனுஷர்.

போன ஐப்பசியில் அவர் மனைவி சாரம்மாள் நிமோனியாவோடு அதே ஆஸ்பத்திரி மாடியில் படுத்தார். மூக்கில் ஆக்சிஜன். அது நின்றால் அரைமணி நேரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை. மதியம் மணி 2.10.

கம்ப்யூட்டரில் பதினாறு சிலிண்டர், பதினாறும் ஃபுல். அப்போது பூட்டிய சிலிண்டர் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக்... டொக்.

பாக்கியசீலன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அந்த அறைக்கு இருப்பதே அந்த ஒரு சாவிதான்.

டொக்... டொக். அடுத்த சிலிண்டர். டொக்... டொக். அதற்கும் அடுத்தது.

பிறகு... டங்ங்... டங்ங்.

கதவில் காதை வைத்தார். சத்தம் வரிசையாக நகர்ந்து போனது. எண்ணினார். மூன்று சிலிண்டர் டொக். பதின்மூன்று டங்ங்.

"என்னவே, கதவுகூட ரகசியம் பேசுதீரு?" ஜெபஸ்டின் வந்து நின்றார்.

"உள்ள யாரோ தட்டுதாவ சார். சுடலைக்கண்ணு தட்டுத மாதிரியே இருக்கு."

"எலியா இருக்கும்."

"எலி ஸ்பானர் பிடிக்குமா சார்?"

திறந்தார்கள். யாரும் இல்லை. ஆணியில் ஸ்பானர் தொங்கியது.

ஆடிக்கொண்டிருந்தது...

மீட்டர் வைத்துப் பார்த்தால் பதின்மூன்றும் காலி. பதின்மூன்றிலும் பச்சை அட்டை. லாரிக்காரன் பழைய காலிகளையே திருப்பி இறக்கிவிட்டுப் போயிருந்தான். கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது. மிச்சம் இருந்த மூன்றை வைத்துச் சாரம்மாளை 4.35 வரை இழுத்துப் பிடித்தார்கள். வேறு லாரி வந்தது. பிழைத்தார்.

மறுநாள் பாராட்டுக் கூட்டம். பாராட்டு ஜெபஸ்டினுக்கு. 'திடீர்ச் சோதனை' நடத்தி உயிர்களைக் காப்பாற்றினாராம். பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாத்துக்கும் என்னோட சிஸ்டம்தான்..." என்று நெஞ்சில் கை வைத்தார்.

மணி 2.10.

டங்ங்... டங்ங்.

அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மைக் வழியாக எல்லாருக்கும் கேட்டது. மைக் கோளாறு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஜெபஸ்டின் மட்டும் சட்டென்று திரும்பினார்.

"யார்லே தட்டுனது?"

பின்னால் வெறும் சுவர்.

அடுத்த நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

சனிக்கிழமை பாக்கியசீலன் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் போனார். சுடலைக்கண்ணுவை நேரில் பார்த்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்தார். கதவைத் திறந்தது மகள் பொன்செல்வி.

"அப்பா இல்லியாம்மா?"

"அப்பா செத்து எட்டு மாசம் ஆச்சே அண்ணாச்சி! மூச்சுத் திணறல். உங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்தான் வந்து ஏத்திட்டுப் போச்சு. பத்தமடைகூடத் தாண்டல. அங்கனயே வண்டியத் திருப்பிட்டோம்."

பாக்கியசீலன் செருப்பைக் கழற்றிவிட்டு முன் அறையில் உட்கார்ந்தார்.

"வழி பூரா பக்கத்துல இருந்த சிலிண்டர விரலால தட்டிக்கிட்டே வந்தாவ. 'காலி புள்ள... காலி'ன்னு. டிரைவர் கேக்கல. அட்டை பச்சையாத்தான இருக்குன்னு சொல்லுதான்."

"அப்ப... மணி என்ன?"

"ரெண்டு பத்து."

அவள் உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்து வந்தாள். கசங்கிய பச்சை அட்டை.

"அப்பா கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாவ. உயிர் போன பெறவும் விடல. கீழ யாரோ கையெழுத்துப் போட்டிருக்காவ, பாருங்க. இது யாரு அண்ணாச்சி?"

பாக்கியசீலனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக அவர் போட்டுவருகிற கையெழுத்து.

நிமிர்ந்து பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 2.09.