நாலாவது வளைவின் கோட்டு நடுவர்

யாகூப் தர்வீஷ் பெயில் போடாத வீடு எங்கள் ஊர் முஹர்ரக்கில் குறைவு. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துவது அவர் வேலை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் வந்து வண்டியை நிறுத்தும்போது டயர் கோட்டை லேசாகத் தொட்டாலும் போதும், தாளில் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விடுவார். சொந்த மருமகளையே மூன்று முறை பெயிலாக்கினார். அவள் வேறொருவரிடம் போய்த் தேறிவந்த அன்று வீடு முழுக்க இனிப்புச் சேமியா பரிமாறி, அவர் தட்டை மட்டும் கவிழ்த்து வைத்தாளாம்.

விடுமுறை நாட்களில், தெற்கே பாலைவனத்துப் பந்தயத் தடத்தில், நாலாவது வளைவுக்கு அவர்தான் கோட்டு நடுவர். சம்பளம் கிடையாது. ஒரு வெள்ளை மேலங்கி, ஒரு தொப்பி, மதியம் ஒரு சோற்றுப் பொட்டலம். வளைந்து வெளியேறும் வண்டியின் நாலு சக்கரமும் ஓர வெள்ளைக்கோட்டைத் தாண்டினால் அது தப்பு. மூன்று தப்பு வரை எச்சரிக்கை, நாலாவதுக்கு ஐந்து விநாடி தண்டனை. மாலை வெயில் நேராக அடிப்பதால் அந்த வளைவில் கேமரா உதவாது. நடுவர் கண்டது கண்டதுதான், மேல்முறையீடு இல்லை. தடுப்புச் சுவருக்குப் பின்னால் சிமென்ட் தரையில் மஞ்சள் பெருக்கல் குறி ஒன்று போட்டிருக்கும். அவர் நாற்காலி அதன்மேல்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைத் தாளில் எழுதுவது என் வேலை.

பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் எங்கள் தெருக்காரன் ஃபவாஸ் புஹெஜ்ஜி முதலாவதாக வந்துகொண்டிருந்தான். துபாய் அணிக்காரன் மூன்று விநாடி பின்னால். ஜெயித்தால் கோப்பை ஃபவாஸுக்கு. கடைசிச் சுற்றில் யாகூப் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோய், "நாப்பத்தி ஒண்ணு. நாலும் வெளியே" என்றார். நாற்பத்தொன்று ஃபவாஸின் வண்டி. அது அவனுக்கு நாலாவது தப்பு. அந்தக் கணத்தில் நான் குனிந்து வேறொரு வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தது அவர் ஒருவர்தான்.

கோப்பை துபாய்க்குப் போயிற்று.

மறுநாள் காபிக்கடையில் கேரம் பலகையைச் சுற்றி வேறு பேச்சே இல்லை. நாலாவது வளைவில் எங்களோடு நின்று கொடி அசைக்கிற சல்மீன்தான் பேச்சுக்குத் தலைமை.

"பதினெட்டு வயசுல ஃபவாஸை ரெண்டு தடவை பெயிலாக்கினாரு. அந்தப் பய சும்மா வந்தானா? ‘கண்ணு தெரியலைன்னா வீட்டுல உக்காரு பெரியவரே’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தான். பத்து வருஷம் ஊறவெச்சு இப்ப எடுத்திருக்காரு."

"அதெல்லாம் விடு. அவரு மகன் மர்வானுக்கு எந்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு?"

"துபாய்ல."

"ஆங். இப்ப ஆட்டத்தைப் போடு."

சிரித்தார்கள். சல்மீன் கைபேசியை நீட்டினான். பந்தயத்தின்போது அவனே எடுத்த படம். யாகூப் நாற்காலியில் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே, ‘குருடனுக்கும் ஒரு வேலை’ என்று எழுதி ஊருக்கே அனுப்பியிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீதானப்பா பக்கத்துல இருந்த? பாத்தியா, இல்லையா?"

"எழுதிட்டிருந்தேன்."

"நல்ல நேரம் பாத்துத்தான் எழுதியிருக்க, போ."

வீட்டுக்கு வந்து பழைய தாள்களின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வளைவில் ஒரு பந்தயத்துக்கு ஐந்தாறு தப்புதான் விழும். அன்று பதினேழு. ஒன்றை மறைக்க மற்றதையெல்லாம் தூவினாரோ? இரண்டு வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அவர் பொய் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் அவர் பேசியே அதிகம் கேட்டதில்லையே.

செவ்வாய்க்கிழமை மதியம் வயர்லெஸ் கருவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நாலாவது வளைவுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய கார் நின்றது. சரி, தடயத்தை அழிக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

காரிலிருந்து மாற்றுச் சக்கரத்தை உருட்டிவந்து வெள்ளைக்கோட்டின் வெளிவிளிம்பில் நிறுத்தினார். சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினார். மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அங்கேயே எவ்வளவு நேரம் நிப்ப?" என்றார், திரும்பாமலே. "வா. வந்து உக்காரு."

நாற்காலியைக் குறியிலிருந்து ஒரு முழம் வலப்பக்கம் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன்.

"டயர் எங்க இருக்கு?"

"வெளியே. கோடு முழுசாத் தெரியுது."

"எந்திரி."

நாற்காலியைக் குறிமேல் வைத்தார்.

"இப்ப?"

கோட்டுக்கு வெளியே தடத்தின் ஓரம் சற்று மேடாகக் கட்டியிருக்கும். முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது அந்த மேடு கோட்டின் பாதியை மறைத்திருந்தது. மிச்சப் பாதிதான் எனக்கு முழுக் கோடாகத் தெரிந்திருக்கிறது. குறிமேலிருந்து பார்த்தால் சக்கரம் கோட்டின் மேலேயே நின்றது.

"கோட்டு மேல, அபூ மர்வான்" என்றேன். ஊரில் அவரை மகன் பெயரால் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் தன் கைபேசியைக் காட்டினார். சல்மீனின் அதே படம். நாற்காலிக்கு அடியில் இல்லாமல், அவருக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி மஞ்சள் குறி பளிச்சென்று தெரிந்தது.

"என் பதினேழு தீர்ப்பும் தப்புன்னு சொல்ல முடியாது. சரின்னும் சொல்ல முடியாது" என்றார். "அசர் தொழுகைக்கு யாரோ நாற்காலியை எடுத்திருக்காங்க."

அங்கே மணல் ஏறாத சமதரை அந்தச் சிமென்ட் திட்டு ஒன்றுதான். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு நாங்கள் நாலு பேர் அங்கேதான் தொழுவோம். அன்று அதை எடுத்ததும் நான், திருப்பி வைத்ததும் நான். எப்போதும் யாகூப் வந்து காலால் ஒரு தட்டுத் தட்டிக் குறிமேல் சேர்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று நடுவர்கள் கூட்டம் முடிந்து தாமதமாக ஓடிவந்தார். அதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன.

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வெச்சவனைப் பத்தி எனக்கெதுக்கு? உக்காந்தவன் கீழ பாத்திருக்கணும். தேர்வுக்கு வர்றவன் கண்ணாடியைச் சரிபார்க்காம வண்டியை எடுத்தா நான் என்ன பண்ணுவேன்?"

"பெயில் போடுவீங்க."

"பின்ன?"

அன்றே கடிதம் எழுதினார். குறிமேல் உட்காராமல் தீர்ப்புச் சொன்னேன், அன்றைய என் பதினேழு தீர்ப்புகளையும் நம்ப வேண்டாம் என்று மூன்றே வரி. என் பெயர் அதில் இல்லை. நாற்காலியை வைத்தது நான் என்று அவருக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. எதிர்ப்புத் தெரிவிக்கும் கெடு முடிந்துவிட்டது, முடிவு மாறாது. யாகூப் வெள்ளை மேலங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கடிதத்தையும் அந்தப் பதிலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

அன்று மாலை நான் காபிக்கடைக்குள் நுழையும்போதே சல்மீன் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப எதுக்கு இந்தக் கடுதாசி? வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல ஃபவாஸோட அப்பா அவருக்குக் கை குடுத்தாராமே. என்ன பேசிக்கிட்டாங்க?"

"நாற்காலி நகந்துச்சாம்ல."

"நாற்காலிக்குக் கால் இருக்கு, தானா நடக்குமா? யாருய்யா நகத்துனது?"

நான் அதிகம் பேசாதவன். அதனால் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"நான்தான். தொழுகைக்கு எடுத்தேன். சரியா வைக்கல."

சல்மீன் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். பிறகு பலகைமேல் குனிந்து குறிபார்த்தபடியே கேட்டான்.

"உனக்கும் துபாய்லதான் வேலையா?"