என் சாம்பல், டீச்சர் கீரை

போன வாரம் இந்த இடத்தில் என் 'இயற்கை உரம்' பற்றிப் பீற்றிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் என் வீடு. குப்பையைப் பிரித்துப் போடச் சோம்பல். மொட்டை மாடியில் ஒரு பழைய தகர டிரம். பால் பாக்கெட், தெர்மாகோல், மாத்திரை அட்டை, ரிமோட் பேட்டரி... எல்லாவற்றையும் அதில் போட்டு ஒரு தீக்குச்சி. சாம்பலைப் பக்கெட்டில் அள்ளி, அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவேன். செடிக்குச் சாம்பல் நல்லதுதானே? விறகுச் சாம்பலுக்குச் சொன்னதை நான் பால் பாக்கெட்டுக்கும் சேர்த்துக்கொண்டேன்.

டீச்சரும் நம்பினார். பதிலுக்கு வாரா வாரம் வாழைநாரில் கட்டிய அரைக்கீரை வரும். பருப்புப் போட்டுக் கடைந்தால்... அடடா, என்ன ருசி!

செவ்வாய்க்கிழமை டீச்சர் ஊரில் இல்லை. பக்கெட்டை அப்படியே குப்பை வண்டியில் கவிழ்த்தேன். காற்று வேறு. வண்டியோடு வரும் கஸ்தூரி அக்காவின் முகமெல்லாம் சாம்பல். இருமிக்கொண்டே, பாதி வெந்த பேட்டரி ஒன்றைக் குச்சியால் தள்ளிக் காட்டினார்.

"இன்னா சார், பேட்டரிய கொளுத்திட்டு சாம்பல்னு சொல்லிகினு கீறே? இது விஷம்."

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கண்ணைக் கழுவிக்கொண்டு அக்கா கிளாஸ் எடுத்தார் — அவருக்கு ட்ரெயினிங்கில் சொன்னதாம். குப்பையை எரிக்கவே கூடாது. எரித்துத் தொலைத்திருந்தால் சாம்பலை நன்றாக ஆறவிட்டு, பறக்காமல் ஈரப்படுத்தி, இரட்டைப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

"மண்ணுல மட்டும் போட்றாத சார். மண்ணுல போனா வவுத்துக்கு வந்துரும்."

ஒரு வருஷமாகப் போட்டாயிற்றே... அதுவும் டீச்சர் மண்ணில்!

இரண்டு நாள் தூக்கம் இல்லை. வியாழன் அன்று டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கீரைப் பாத்தியின் மண்ணை நானே வெட்டி எடுத்து மூட்டை கட்டுகிறேன், நீங்களும் உங்கள் கணவரும் உடனே ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றேன்.

டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாங்க அந்தக் கீரையைச் சாப்பிட்டதே இல்ல சார். உங்க சாம்பல்ல வளர்ந்தது உங்களுக்குத்தான் சேரணும்னு, உங்களுக்குன்னே தனிப் பாத்தி போட்டேன்."

செய்த பாவத்தின் பலன் அடுத்த பிறவியில் வரும் என்பார்கள். எனக்கு வாரா வாரம் வந்திருக்கிறது — வாழைநாரில் கட்டி.