சர்வீஸ் புக் பின்னாலேயே வரும்

என் அப்பா சிவனாண்டி, போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் பதினொரு மாத்தல். வத்திராயிருப்பு, ஆலங்குளம், கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் என்று மாவட்டத்துக்குள்ளேயே சுற்றினார். ஆர்டர் வந்த மறுநாளே கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடும். "ஆளு போனாப் போதும். சர்வீஸ் புக் பின்னாலேயே வரும்" என்பார். வாங்கிய ரிவார்டு, எடுத்த லீவு எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒன்றும் குறையாது. அதன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமிமேல்கூட இருந்ததில்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் முடித்திருந்தபோது அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாத்தல் வந்தது. பஸ்ஸில் அரை மணி நேரம். எத்தனையோ பேர் தினமும் போய்வருகிற தூரம்தான். ஆனால் அப்பா, "ஸ்டேஷன் மாறுனா குடும்பமும் மாறணும். நீயும் அங்கன ஒரு காலேஜுக்கு மாத்தல் வாங்கிரு தாயி" என்றார். டி.சி. வாங்கி வேறு கல்லூரியில் சேர்வதையும் அவர் மாத்தல் என்றுதான் சொன்னார்.

நான் என்.சி.சி.யில் இருந்தேன். இரண்டு வருடத்தில் பி சர்டிபிகேட் வாங்கியாகிவிட்டது. மூன்றாம் வருடமும் இருந்தால் சி. அது கையில் இருந்தால் எஸ்.ஐ. தேர்வில் கூடுதல் மதிப்பெண். அப்பாவுக்கு ஒரே ஆசை. தான் சல்யூட் அடித்தே தேய்ந்த டிபார்ட்மெண்டில் மகள் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு வந்து நிற்க வேண்டும். எனக்கும் அதே ஆசைதான்.

டி.சி.க்கு எழுதிக் கொடுத்த அன்று என்.சி.சி. பொறுப்பில் இருந்த ஜெயசித்ரா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போற காலேஜ்ல என்.சி.சி. கிடையாதும்மா. மூணாவது வருஷம் டிரெயினிங் இல்லன்னா சி பரீட்சை எழுத முடியாது. இதெல்லாம் டி.சி.யோட கூட வராது. அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நாளைக்கு அவரக் கூட்டிட்டு வா. நான் பேசுறேன்."

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் பானுப்பிரியாவை அண்டர் ஆபீசர் ஆக்கியிருந்தார்கள். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள், என்னைவிட ஒரு முகாம் குறைவாகப் போனவள். இனி அவள் சத்தம் கொடுக்க நான் காலை மாற்றி வைக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்கடி, நீங்களும் உங்கள் பரேடும் என்று இருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்த மேடம் மேலும் கோபம். அப்பாவின் மாத்தல் நல்ல சாக்காகக் கிடைத்தது. பத்தொன்பது வயதில் அவ்வளவு திமிர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் வராததுமாக அப்பாவுக்கு ஆடிப்பூரத் தேர் பந்தோபஸ்து. நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தந்தார். டி.சி.யை நானே போய் வாங்கி வந்தேன்.

புதுக் கல்லூரியில் சேர்ந்த வாரம், அப்பா அயர்ன் பாக்ஸும் கையுமாக வந்து, "ஏட்டி, ஒன் பரேடு டிரெஸ்ஸ எடு, தேச்சுத் தாரேன்" என்றார்.

"இங்க என்.சி.சி. இல்லப்பா." அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவள் மாதிரிச் சொன்னேன்.

"அங்கன இருந்த ரெண்டு வருஷம் பின்னாலேயே வருமுல்ல?"

"வராதாம்ப்பா."

மறுநாளே ராஜபாளையம் போய், திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சிப் பார்த்திருக்கிறார். மேடம் முகாமுக்குப் போயிருந்தார். கொடுத்த டி.சி. கொடுத்ததுதான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

எஸ்.ஐ. தேர்வில் அரை மதிப்பெண்ணில் எனக்குப் போனது. அடுத்த முறை எழுத்துத் தேர்விலேயே தேறவில்லை. இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் அதே அரை மணி நேர பஸ்ஸில் போய்வருகிறேன். இந்தத் தூரத்தைச் சொல்லித்தான் கல்லூரி மாறினேன் என்று நினைக்கும்போதெல்லாம் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம்பிள்ள வாழ்க்கையில நாந்தான் மண்ண அள்ளிப் போட்டேன். போலீஸ் மாத்தல் மாதிரின்னு நெனச்சுட்டேன்" என்பார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. முதலில் பயம். பிறகு அது பழகிப்போனது. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையம் போய்விட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஸ்ஸுல ஜெயசித்ரா மேடத்தப் பாத்தேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது.

"'உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி உங்க மக முனீஸ்வரிகிட்டச் சொன்னேனே, ஏன் சார் வரல'ன்னு கேட்டாவ."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

"மக சொன்னா மேடம், எனக்குத்தான் தேர் பந்தோபஸ்து, வர முடியலன்னுட்டேன்." சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "அவிய ஒன்னையத் தப்பா நெனச்சிரக் கூடாதுல்ல."

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"வெங்காயத்த நறுக்கு தாயி" என்று எழுந்து போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வீரணன் மாமா வந்தார். தன் மகளைப் படிக்கிற கல்லூரியிலிருந்து மதுரைக்கு மாற்றலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்டார். அப்பா சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"நல்லா விசாரிச்சுச் செய்யி மாப்ள. நான் விசாரிக்காமத்தான் எம்பிள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டேன்."

இத்தனை வருடமும் தெரியாமல் சொன்னதை அன்று அவர் தெரிந்தே சொன்னார். அப்போதும் நான் வெளியே வந்து, 'இல்லை மாமா, நான்தான்' என்று சொல்லவில்லை.