கண்ணாடிக்காரரின் வகுத்தல் கணக்கு

கண்ணாடிக்காரரின் தலையில் விழுந்தது அவருடைய கடைப் பலகையேதான். ஆள் நீளத்துக்கு, மூக்குக்கண்ணாடி வடிவத்தில், ஆசை ஆசையாய் அவரே மரத்தில் செய்தது. ஆணியை மட்டும் மைத்துனன் அடித்திருந்தான்.

"மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. கொஞ்ச நாளைக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், அப்புறம் தானாப் போயிடும். அதுவரைக்கும் ஒரு கண்ணை மறைச்சுக்கங்க" என்றார் டாக்டர்.

"கண்ணாடிக் கடைக்காரன் ஒத்தைக் கண்ணோட உக்காந்தா எவன் சார் உள்ள வருவான்?"

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒண்ணை ஒண்ணாப் பாக்குற வரைக்கும் உங்க நாற்காலிப் பக்கமே போகக் கூடாது. ஊரார் கண்ணோட விளையாடாதீங்க."

அந்த நாற்காலியில் மைத்துனன் உட்கார்ந்தான். சுழலும் நாற்காலி. சுழன்றான். கண்ணாடிக்காரருக்கு இரண்டு மைத்துனர்கள் சுழன்றார்கள். ஒருவனையே தாங்க முடியாத மனிதர் அவர்.

எப்பாடு பட்டாவது நாற்காலியை மீட்பதென்று முடிவு செய்தார். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடகடவென்று ஒப்பித்தார். அவர் கடையிலும் அதே அட்டைதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பொடி எழுத்தெல்லாம் முடித்து, அடியில் இருந்த அச்சகத்தின் பெயருக்கு வந்தபோது டாக்டர் குறுக்கிட்டார்.

"ஐயா, கண்ணைத் திறந்துட்டுப் படிங்க."

கூட வந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் வகுத்தலில் இறங்கினார். எது தெரிந்தாலும் அதைப் பாதியாக்கிச் சொல்வது. மனைவி மூன்று விரலைக் காட்டினால் ஆறு தெரியும், "மூணு" என்பார். படியில் இரண்டு பூனை படுத்திருந்தால் ஒன்றைத்தான் தாண்ட வேண்டும் என்று தெரியும். எதை என்றுதான் தெரியாது. இல்லாத பூனையைக் கவனமாகத் தாண்டி, இருக்கிற பூனையின் வாலில் காலை வைப்பார். பூனை அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது.

ஒரு நாள் மைத்துனன் டீ குடிக்கப் போயிருந்தான். மனைவி உள்ளறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் நைசாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, ஒரே முகமும் ஒரே நீல உடையுமாக இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இரண்டை இரண்டால் வகுத்தார். ஒருத்தி.

"உக்காருங்கம்மா" என்று வலப்பக்கம் இருந்த மூக்கில் பிரேமை மாட்டினார். நின்றது. அப்பாடா, நிஜ மூக்கு.

"எனக்கு எப்பங்க?" என்றது இடப்பக்கம்.

"நீங்க கிடையாதும்மா" என்றார் பொறுமையாக. "மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்ச நாள்ல போயிடுவீங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அக்கா! இந்த ஆளு என்ன சொல்றான் கேட்டியா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா?" என்று பிரேமோடு எழுந்தாள் அக்காள்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, உங்களுக்கு எத்தனை பேரு தெரியுறாங்க?"

"ரெண்டு. அப்போ ஒருத்தர்."

"அட கடவுளே, ரெண்டு பேருதாங்க வந்திருக்காங்க! ரெட்டைப் பிறவிங்க!"

கண்ணாடிக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரே மனைவி. அவளுக்குப் பின்னால் ஒரே கதவு. தெருவில் வந்துகொண்டிருந்த மைத்துனனும், யார் செய்த புண்ணியமோ, ஒருவன்தான். காலையிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நன்றாக இருக்கும்போது யார் கவனிக்கிறார்கள்?

"மாமா, எந்திரிங்க, அது என் இடம்" என்றான் மைத்துனன் வாசலில் நின்றே.

"உன் அக்காவைக் கேளுடா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவரு உக்காரட்டும். நீ போய் அந்தப் பலகையை எடுத்து மாட்டு. வேணாம், வேணாம்! நீ ஆணியைத் தொடாதே."

தங்கை மட்டும் முறைப்பு மாறாமல் நின்றாள். "அப்போ நான் இருக்கேனா, இல்லையா?"

"இருக்கீங்கம்மா" என்று அவளுக்கும் ஒரு பிரேமை எடுத்தார். "நல்லா இருப்பீங்க. உக்காருங்க."