பனிக்குள் வந்த கோட்

போன சனிக்கிழமை என் அம்மா எனக்கு சலாம் வைத்தாள்.

விளையாட்டுக்கு அல்ல. நிஜமாகவே. தலையைக் குனிந்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், “சலாமுங்க தொரை” என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவே நாலைந்து தேயிலைச் செடிகள்தான் இருந்தன. அப்புறம்... பனி.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கோட்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும் — பழைய உடுப்பு. எங்கள் மலையகத்துப் பதுளை டவுனில், வெளிநாட்டில் யார் யாரோ உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கடை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற ஆசிரியர்கள் டியூஷனுக்கு ஓடுவார்கள். நான் அந்த மூட்டைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பேன். நாய்க் காது மாதிரிக் காலர் தொங்கும் சட்டைகள். செருப்பையே மறைத்துவிடும் பெல்பொட்டம். ஒருமுறை, முதுகு முழுக்கப் பறவைகள் பின்னிய ஒரு ஸ்வெட்டர்.

புதுத் துணியில் கடைதான் மணக்கும். பழைய துணியில் யாரோ ஒருவர் மணக்கிறார். அந்த யாரோ, யார்? இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்த ஸ்டேஷனில் யாருக்காகக் காத்திருந்தான்? ரயில் வந்ததா? அவள் இறங்கினாளா? யோசித்துக்கொண்டே நின்றால், வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து வீட்டுக்குப் போகிற பசறை பஸ் போய்விடும். பல நாள் போயிருக்கிறது.

வாங்குவதோடு விடுவதில்லை. கிழிசலுக்கு இழையோட்டுவேன். பட்டனுக்குத் துணி சுற்றுவேன். காலர் ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி பின்னுவேன். ஊசியும் நூலுமாக உட்காரும் ஆம்பிளை வாத்தியாரைப் பார்த்தால் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு வரத்தான் செய்யும். வரட்டுமே! கணக்கு வாத்தியார் நேர்கோட்டில் தையல் போடுவதில் என்ன அதிசயம்?

சரி, கோட்டுக்கு வருகிறேன்.

கடைக்கார முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் ‘நானா’, அவர்தான் கூப்பிட்டார். “மாஸ்டர், இங்க வாங்க. ஒங்களுக்கெண்டே ஒரு சாமான் எடுத்து வெச்சிரிக்கிறேன். வெள்ளக்காரன்ட கோட்டு. அசல் கம்பளி. இத போட்டுக்கிட்டு வந்தீங்கண்டா நானே எழும்பி நிப்பேன்.”

நானா யாருக்காகவும் எழும்புகிறவர் இல்லை. ஸ்டூலோடு ஒட்டிப் பிறந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதனால் நானும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன்.

காய்ந்த தேயிலைச் சருகின் நிறம். மீன்முள் போலக் கோடு கோடாக நெசவு. முழங்கையில் தோல் ஒட்டு. பைக்குள் கையை விட்டேன்... மணல்! கொஞ்சம்போல, வெள்ளையாக. பதுளையில் ஏது இப்படி ஒரு மணல்? எந்தக் கடற்கரையிலோ யாரோ இந்தக் கோட்டோடு படுத்துக் கிடந்திருக்கிறார்கள். நான் தட்டிவிடவில்லை. ஒரு கடலையே வாங்கிவிட்டது மாதிரி இருந்தது.

உள்பக்கத் துணிதான் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அதற்கு, வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலை கைகொடுத்தது. நீலப் பூப்போட்டது. அம்மா அதைக் கட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது... கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பதுளையில் என் வாடகை அறையில், சாயங்கால ரயில் கூவிக்கொண்டு வருகிற நேரமெல்லாம் அந்தக் கோட் என் மடியில் கிடந்தது. வெளியே சீமைக் கம்பளி, உள்ளே நீலப் பூ. ஒரு மாதம் நான் தைத்தேனா, கனவு கண்டேனா என்று சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். அதற்குப் பொருத்தமாக ஒரு ஃபெல்ட் தொப்பி. கையில் நீளக் குடை. பசறை ரோட்டில் எங்கள் வளைவில் இறங்கியபோது எதிரே மலையே இல்லை. வெறும் பனி. தேயிலை மலைக்குள்ளால் போகும் குறுக்குப் பாதையில் இறங்கினேன். குடையை ஊன்றி, மெதுவாக, நிதானமாக... என் உடம்புக்குள் யாரோ நடந்துகொண்டிருந்தான். கடற்கரையில் படுத்துக் கிடந்தவன். ரயிலுக்குக் காத்திருந்தவன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு என் பெயர் ஞாபகமில்லை.

அன்று அந்தப் பக்கம்தான் கொழுந்து எடுக்கிறார்கள் என்பதும் தெரியாது.

கம்பனியில் இருந்து பெரிய ஆள் ஒருவர் வரப்போகிறார் என்று தோட்டத்தில் இரண்டு நாளாகப் பேச்சு. அதுவும் எனக்குத் தெரியாது.

பனிக்குள் திடீரென்று ஒரு சலசலப்பு. நேரத்துக்கு முந்தியே தேத்தண்ணிக்கு உட்கார்ந்துவிட்ட பெண்கள், விழுந்தடித்து எழுந்தார்கள். வெற்றிலையைத் துப்பும் சத்தம். கூடைகள் முதுகுக்கு ஏறும் சத்தம். ஒரு தேத்தண்ணிப் போத்தல் உருண்டு என் காலடியில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே, கல்லில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, வலிக்கிற முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

“சலாமுங்க தொரை.”

குரலை எனக்குத் தெரியும்.

“யம்மா... நான்தாம்மா” என்றேன். தொப்பியைக் கழற்றினேன்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த அறை, பக்கத்துக் காம்பிரா பார்வதி சித்திதான் ஆரம்பித்தாள்.

“அடி ஆத்தே! இது நம்ம லெச்சுமி அக்கா மவன்டி! ஏன்டா தம்பி, கம்பனி தொரைன்னு நெனச்சு எனக்கு நெஞ்சே நின்னு போச்சுடா. வாயில இருந்த வெத்தலைய முழுங்கிட்டேன்!”

“குட்டித் தொரை, பேரு போடுவீங்களா, அரைப் பேருதானா?” என்றது இன்னொரு குரல், முழு நாள் சம்பளமா அரை நாளா என்று. மலை முழுக்கச் சிரிப்பு.

“எக்கோவ், பெத்த புள்ளைக்கே சலாம் வச்சிட்டீங்களே! இனிமே அவரு பூட்ஸையும் தொடச்சுக் குடுங்க!”

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான். அம்மா கானில் இருந்து போத்தலை எடுத்தாள். சேலையில் துடைத்தாள். திரும்பி, தன் நிரையில் நின்று கொழுந்து எடுக்க ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

இப்போதைய துரைமார் யார் கோட் போடுகிறார்கள்? டீ-ஷர்ட், ஜீப், காதில் போன். சிரித்த பெண்களில் பாதிப் பேர் கோட் போட்ட துரையைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார்கள். பிறகு எதற்கு எழுந்தார்கள்? கண்ணுக்குத் தெரியாததெல்லாம் முழங்காலுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் வலிக்கிற முழங்காலுக்கு.

பின்னேரம் அம்மா வீட்டுக்கு வந்தாள். ரொட்டி சுட்டாள். சம்பலோடு என் முன்னால் வைத்தாள்.

“கோவமாம்மா?”

“எனக்கு என்னாங்க கோவம். சாப்பிடுங்க.”

பெற்ற பிள்ளைக்கு ‘ங்க’. அதைவிட நாலு அடி போட்டிருக்கலாம்.

ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன். கடைசியில் அவளே அடுப்படியில் இருந்து பேசினாள். முதுகைக் காட்டிக்கொண்டு.

“ஒன்ன எதுக்குடா படிக்க வச்சேன்? இந்த லயத்துல ஒரு புள்ள பத்தாம் வகுப்பு தாண்டல. நீ தாண்டுன. எந்தத் தொரை வந்தாலும் என் மவன் வாத்தியாருன்னு நான் எந்திரிக்காம ஒக்காந்திருக்கலாம்னுதான் படிக்க வச்சேன். கடசில நீயே வந்து என்ன எழுப்பி விட்டுட்டியேடா.”

அன்று இரவு கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து மூலையில் போட்டேன்.

ஞாயிறு காலை கோட்டை மடித்து ஒரு கடைப் பைக்குள் திணித்தேன். நானாவிடமே கொடுத்துவிடுவது. அதோடு அந்தச் சட்டைகளையும், பெல்பொட்டத்தையும், ஊசி நூல் டப்பாவையும்... மற்றவர்களின் கனவை உடுத்திக்கொண்டு திரிந்தது போதும் என்று தோன்றியது. அந்தக் கனவுக்காரர்களில் ஒருவன், எங்கள் மலையில் நின்று அம்மாவை அதட்டியவனாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? நான் மணலை மட்டும்தானே பார்த்தேன்.

“எங்க போற?” இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. ‘ங்க’ போய்விட்டது. கொஞ்சம் உயிர் வந்தது எனக்கு.

“கோட்டக் குடுத்துட்டு வாறேன்மா.”

அவள் பார்வை பையில் நின்றது. வாய்ப்பக்கமாக நீலப் பூ ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். கோட்டை வெளியே இழுத்தாள். உள்பக்கத்தைப் புரட்டினாள்.

“இது என் சேலைல்ல?”

“பொட்டிக்கு அடியில சும்மா கெடந்துச்சு...”

“சும்மா கெடந்துச்சா! போன தீவாளிக்கே கட்டணும்னு இருந்தேன். பெறகு தேடு தேடுன்னு தேடி, எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு பார்வதிகிட்ட அழுதேன். எலி பதுளையில வாத்தியார் வேல பாக்குதுன்னு எனக்குத் தெரியுமா!”

திட்டுகிறாள் என்றால் பேசுகிறாள் என்று அர்த்தம்.

அவள் விரல்கள் தையல்மேல் நடந்தன. கைக்குழியைச் சுற்றி, காலருக்குக் கீழே, பையின் ஓரம். பூ பூவோடு சேர்கிற இடத்தில் கொஞ்சம் நின்றன.

“நீ தச்சதா?”

“ஆமா.”

“கோணலா இருக்கு.”

கணக்கு வாத்தியாரிடம்!

பிறகு என்ன நினைத்தாளோ, கோட்டைச் சேலைமேல் மாட்டிக்கொண்டாள். சுவரில் ஒட்டிய துண்டுக் கண்ணாடியில் அவள் முழுதாக அடங்கவில்லை. தோள் தெரிந்தது. தள்ளி நின்றாள், காலர் தெரிந்தது. இன்னும் தள்ளி, வாசலுக்கே போய் நின்றாள்.

“சூடா இருக்கேடா... காலம்பர வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிற பெரட்டுக் களத்துல பனி எலும்புக்குள்ள போகுது. எல்லாரும் பழைய சட்டதானே மேல போட்டுக்கிட்டு நிக்கிறோம். இது கொஞ்சம் தடிச்ச சட்ட, அம்புட்டுத்தான்.” கையை நீட்டினாள். விரல்கள் உள்ளே ஒளிந்திருந்தன. “ஆனா வெரலு வெளிய வரணும். கைய வெட்டு.”

பழைய உடுப்புப் பிரியர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும். நமக்குள் அது பாவம். அசலில் கத்தரி வைக்கக் கூடாது. நான் வைத்தேன். அந்த மீன்முள் நெசவு ‘கரக்’ என்று அறுபட்டபோது எனக்கே பல் கூசியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “நேரா வெட்டு, நேரா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெட்டிய ஓரத்துக்கு நீலப் பூவையே மடித்து விளிம்பு வைத்தேன்.

“பையில மண்ணு கெடக்கு. தட்டவா?”

“வேணாம்மா. அது கடல் மண்ணு.”

அம்மா இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள்.

திங்கட்கிழமை, பதுளை பஸ்ஸுக்காக ரோட்டு வளைவில் நின்றேன். சாதாரண வெள்ளைச் சட்டை. அதே பனி. கொஞ்சம் தள்ளி, கொழுந்து எடுப்பவர்களை மேய்க்கும் கங்காணி, பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

கீழே, பாதையில், பனிக்குள் ஒரு கோட் வந்தது.

தோள் முதலில். பிறகு தொப்பி — என் தொப்பி! நான் தேடிவிட்டு, வீட்டில் எங்கோ கிடக்கும் என்று விட்டுவந்த அதே தொப்பி. மெதுவாக, நிதானமாக, அவசரமே இல்லாத நடை.

கங்காணி பீடியை வீசிவிட்டுத் துள்ளி எழுந்தார். தலைத் துண்டை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“குட் மோனிங் சேர்!”

கோட் நின்றது. கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தெரிந்தது. காற்றுக்கு ஓரம் விலகி, உள்ளே நீலப் பூக்கள் தெரிந்தன. பின்னால் பனிக்குள் பார்வதி சித்தியின் சிரிப்பு அடக்க மாட்டாமல் வெடித்தது.

அம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்:

“ஒக்காருங்க கங்காணி, ஒக்காருங்க. எனக்காக எல்லாம் எந்திரிக்க வேணாம்.”

அவளுக்கு அந்தக் கோட், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.