வரைபடத்தில் தூங்கிய மனிதர்

எங்கள் பள்ளியில் புவியியல் எடுக்கும் அக்காவை மாணவர்கள் 'மேப் மிஸ்' என்றுதான் சொல்வார்கள். நான் ஓவிய ஆசிரியை. ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அதனால் மற்றவர்களுக்குத் தெரியாத பலதும் எனக்குத் தெரியும்.

கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கண்டங்களை வரைந்துவிடுவார். ஆனால் நான் பார்த்தவரை ஊர் எல்லையை அவர் தாண்டியதில்லை. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போக வேண்டும் என்றால் சரியாக அன்றைக்குத்தான் அவருக்குத் தலைவலி வரும். "உலகத்தையே சுருட்டிக் கக்கத்துல வெச்சிருக்கீங்க, பஸ் ஏறத்தான் மாட்டேங்குறீங்க" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

காரணம் வீட்டுக்குள் இருந்தது. அவருடைய கணவர் ஒரு காலத்தில் ஊருக்கு மேலே இருக்கும் அணையில் ஷட்டர் ஆபரேட்டர். பெருமழை பெய்த ஒரு வருடம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அணை விளிம்பைத் தொட்ட பிறகு எல்லா ஷட்டரையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டியதாயிற்று. அணைக்கு நேர் கீழே இருந்த ஆற்றங்கரைத் தெரு மூழ்கிப்போனது. சில உயிர்களும் போயின. பட்டப்பகலில் ஆபரேட்டர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வேலை போனது. அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில், யாரென்று யாருக்கும் தெரியாத ஒரு தெருவில் குடியேறினார். அதன்பிறகு அந்த மனிதர் வாசற்படி இறங்கவே இல்லை. அவருக்கு முடி வெட்டிவிடுவதுகூட அக்காதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் "அவருக்கு உடம்புக்கு முடியல" என்ற ஒரே பதில்.

"மேலேர்ந்து உத்தரவு லேட்டா வந்துச்சு. பழியை மட்டும் இவர் தலையில கட்டிட்டாங்க." இதை அக்கா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அக்கா ஒரு வேலை கொடுப்பார். குழு குழுவாகச் சேர்ந்து, ஏதாவது ஒரு கதையைச் சொல்லும் வரைபடம் ஒன்றை வரைய வேண்டும். படமும் இருக்க வேண்டும், இடமும் சரியாக இருக்க வேண்டும். ஒரு குழு பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகும் வழியை வரையும், இன்னொன்று ரயில் வந்த கதையை வரையும். அந்த வருடம் வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கியிருந்த பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், நாங்க வெள்ளத்தை வரையப்போறோம்."

"எந்த வெள்ளம்?"

"நம்ம ஊர் வெள்ளம் மிஸ். எங்க அத்தை அதுலதான் போனாங்க. அப்பா அதைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. அதான், நாங்களே விசாரிச்சு வரையலாம்னு."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"அந்த ஷட்டர்காரர் இப்ப எங்க இருக்காரு மிஸ்? அவர்கிட்டயும் கேக்கணும்ல?"

"ஊரை விட்டே போயிட்டாராம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து, குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வரைவதெல்லாம் என் ஓவிய அறையில்தான். பெரிய தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, பெண்கள் சுற்றி மண்டிபோட்டு வேலை செய்தார்கள். உண்மையாகவே நல்ல வேலை. ஆறு மெல்லிய நீலத்தில் தொடங்கி, தெருவுக்கு வரும்போது சேற்று நிறமாக அகன்றது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்த வீடு இழந்ததைக் குட்டியாக வரைந்திருந்தார்கள். ஒரு வீட்டில் சைக்கிள், ஒன்றில் கன்றுக்குட்டி. வாயாடியின் அத்தை வீட்டில் ஒரு தையல் மெஷின். தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கோடு போட்டிருந்தார்கள்.

தாளின் உச்சியில் அணை. அதன் மேல் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். காலடியில் பாட்டில்.

அக்கா அதைப் பார்த்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இது யாரு?"

"ஷட்டர்காரர் மிஸ். குடிச்சிட்டுத் தூங்கறாரு."

"தூங்கினதை யாரு பார்த்தா?"

"எல்லாரும் சொல்றாங்களே மிஸ்."

"எல்லாரும்னா? பார்த்தவங்க ஒருத்தரைக் காட்டு. ஒவ்வொரு சுவத்தையும் விசாரிச்சுக் கோடு போடத் தெரியுது, ஒரு மனுஷனை மட்டும் விசாரிக்காம வரைஞ்சிடுவியா?"

பெண்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விழித்தார்கள். வாயாடி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அப்ப என்ன வரையணும்னு நீங்களே சொல்லுங்க மிஸ்." அக்கா வெளியே போய்விட்டார்.

அன்று வீட்டில் நடந்ததை மறுநாள் மாடிப்படியில் நின்றபடி என்னிடம் சொன்னார். சாப்பாடு பரிமாறிக்கொண்டே, ஆற்றாமையில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பிள்ளைகள்கூட இப்படி அபாண்டமாக வரைகிறார்களே என்று. கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"பாட்டில் பொய்" என்றாராம். "தூங்கினது நிஜம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"என்னை மாத்திவிட வேண்டியவன் வரல. ரோடு அறுந்துபோச்சு. ஆபீசுக்குப் போன் பண்ணேன், 'நீயே சமாளிச்சுக்கோ'ன்னு வெச்சுட்டாங்க. முந்தின நாளும் நான்தான், அதுக்கு முந்தின நாளும் நான்தான். கொஞ்சம் உட்காரலாம்னு உட்கார்ந்தேன். கண்ணு முழிச்சப்ப தண்ணி விளிம்புல நிக்குது. உத்தரவு லேட்டுன்னு நான் சொன்னதை நீ அப்படியே நம்பினே. அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல."

சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டு முடித்தாராம்.

"நிம்மதியா சாப்பிட்டாருடி" என்றார் அக்கா. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். "என் தம்பி அன்னைக்கே சொன்னான், மாமா தூங்கித்தான் இருப்பாருன்னு. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை வீட்டு வாசல் மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அவன் கல்யாணத்துக்குக்கூடப் போகல. இவர் வெளிய போக வெக்கப்பட்டு உள்ள இருந்தாரு. நான் எதுக்கு இருந்தேன்? பூட்டினது யாரு, சாவி யார்கிட்ட இருந்துச்சு, ஒண்ணுமே தெரியாம ஒரு வீட்டுக்குள்ள..."

"கொஞ்ச நாள் எங்கயாவது போயிட்டு வாங்கக்கா."

"எங்க போறது? நான் போனா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்க ஆள் கிடையாது. கூட இருக்கவும் முடியல, விட்டுட்டுப் போகவும் முடியல."

அன்று மாலையே ஓவிய அறைக்கு வந்து, பெண்கள் முன்னால் நின்று சொன்னார். "ஷட்டர்காரர் ஊரை விட்டுப் போகல. என் வீட்டுலதான் இருக்காரு. என் கணவர்."

"அப்ப எங்ககிட்ட பொய் சொன்னீங்களா மிஸ்?" என்றாள் வாயாடி.

"ஆமா."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்காவின் வகுப்புக்குச் சில நாள் வரவே இல்லை. பிறகு ஒரு நாள் அவளாகவே அவரிடம் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல், அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க என்று சில கேள்விகளைச் சொன்னாள். அங்கே வேறு யார் இருந்தார்கள், போன் எங்கே இருந்தது, என்ன சாப்பிட்டார் என்பது மாதிரி. அக்கா வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அந்தக் கேள்விகளையும் பதில்களையும் சுமந்தார். கணவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பதில் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொல்வாராம்.

படத்தில் பாட்டில் அழிந்தது. பக்கத்தில் காலியாக இன்னொரு நாற்காலி வந்தது, வராத ஆளுடையது. தொங்கும் ஒரு டெலிபோன் வந்தது. பிளந்திருந்த வாயை வாயாடியே மூடிவிட்டாள்.

"ஆனா தூங்கறதை அழிக்க மாட்டேன் மிஸ்."

"அழிக்க வேண்டாம்" என்றார் அக்கா.

பள்ளிக் கண்காட்சிக்கு வாயாடியின் அப்பா வந்தார். மர அறுவை மில்லில் வேலை, சட்டையெல்லாம் மரத்தூள். தங்கையின் வீட்டுக்குள் இருந்த தையல் மெஷினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அணையைப் பார்த்தார். காலி நாற்காலி யாருடையது என்று மகளிடம் கேட்டார். அவள் சொன்னாள். தூங்குபவர் யாருடைய கணவர் என்பதையும் சொல்லி, அக்காவைக் கண்ணால் காட்டினாள்.

அவர் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான். "வீடு எங்கம்மா?"

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது அக்காவின் கணவர் உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்தவர் முன்னறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். மூடிய கதவுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் என்ன பேசுவதென்று தெரியாமல் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்பாராம்.

போன ஞாயிறு அவர் கதவைப் பார்த்துப் பேசினார். "திட்ட வரல சார். திட்டி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு நான் வெளியூர்ல இருந்தேன். என் தங்கச்சி மொட்டை மாடியில ரொம்ப நேரம் நின்னாளாம். அணை மேலேர்ந்து பார்த்தா எங்க தெரு தெரியும். தனியாவா நின்னா, யாராவது கூட இருந்தாங்களா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வரேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தனியாத்தான்."

வந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேம்மா" என்று எழுந்து போனார். தாழ்ப்பாள் திறக்கவில்லை.

"பார்த்துக்கிட்டே இருந்திருக்காரு" என்றார் அக்கா என்னிடம். "அதைத்தான் இத்தனை வருஷமா உள்ள வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. இப்ப எனக்கும் தெரியுது அந்த மொட்டை மாடி, கண்ணை மூடினா." மணி அடித்தது. சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.